கணக்கு நோட்டில் உடம்புக்கும் ஒரு பக்கம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். வீட்டு வேலை, அது போக பீடி சுத்துறது, இதுதான் என் பொழப்பு. மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. எங்க ஊரில் ரெண்டு குழுவும் சேர்ந்து 22 பேர் கேரளாவில் இருக்கிற மன்றோத் தீவுக்கு யோகா முகாம் போய்ட்டு வந்தோம். அதைப் பேசச் சொல்லி தலைவி அக்கா சொன்னாங்க. போன மாசக் கூட்டத்தில் ஒரு பெரியம்மை, "டூர் போனதுக்கு எல்லாம் ஒரு பேச்சா?" என்று கேட்டாங்க. கேட்டது நியாயம்தான். அதனால் அங்கே என்ன பார்த்தோம் என்பதைக் குறைச்சலாவும், எதுக்குப் போனோம், என்ன கொண்டு வந்தோம் என்பதைக் கூடுதலாவும் சொல்றேன்.

முதல்ல எதுக்குப் போனோம் என்று சொல்றேன். நம்ம பக்கத்துப் பொம்பளைகளுக்கு நான் விளக்க வேண்டியது இல்லை. காலையில் சொளவை மடியில் வச்சு உக்காந்தால், சோறு பொங்குறதுக்கும் தண்ணி பிடிக்கிறதுக்கும் எந்திரிக்கிறோம். மத்தபடி இலை வெட்டு, தூள் வை, சுத்து, கட்டு. தலை குனிஞ்சே இருக்கு, தோள் முன்னால வளைஞ்சே இருக்கு. ராத்திரி டி.வி. பார்க்கிறப்பவும் கை சுத்திக்கிட்டே இருக்கும். முப்பது வயசில் கழுத்து வலி, நாப்பதில் இடுப்பு வலி, அம்பதில் முட்டு வலி, இதோட இருமல். பீடி சுத்தாதவுங்களுக்கு நாத்து நடவு, களை எடுப்பு, நூறு நாள் வேலை. அதுவும் குனிஞ்ச வேலைதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் எங்க குழுவில் ஒரு அக்காவின் தோளைப் பார்த்துட்டு, "மாத்திரை மட்டும் போதாது, தினமும் பயிற்சி செய்யணும்" என்று ஆறு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அக்கா மூணு நாள் செஞ்சாங்க. நாலாவது நாள் நிறுத்திட்டாங்க. ஏன்க்கா என்று கேட்டேன். "திண்ணையில கையைத் தூக்கிக்கிட்டு நின்னா போறவ வாறவ எல்லாம் என்ன செய்யுதேன்னு கேக்கா. வீட்டுக்குள்ள படுத்தா, உடம்புக்கு என்னன்னு நாலு பேரு எட்டிப் பாக்காக. அப்படியும் கண்ணை மூடினா, தீப்பெட்டி எங்கன்னு கூப்பிடுதாக" என்று சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்த அக்கா சொன்னது எங்க எல்லாருக்கும் பொதுவான கதை. நமக்கு யோகா தெரியாதது பெரிய குறை இல்லை. அரை மணி நேரம் நமக்கென்று இல்லாததுதான் குறை.

அந்தச் சமயத்தில் கொல்லத்தில் மகளிர் குழுப் பொருள் கண்காட்சிக்குக் கூட்டமைப்பு சார்பா ரெண்டு பேர் போனோம். பக்கத்துக் கடையில் இருந்தவுங்க குடும்பஸ்ரீ உறுப்பினர். குடும்பஸ்ரீ என்பது கேரளாவில் 1998இல் தொடங்கின மகளிர் இயக்கம். நம்ம மாநிலத்தில் 1989இலேயே தர்மபுரியில் குழுக்கள் தொடங்கிவிட்டது என்று சொன்னேன். "அப்போ நீங்க எங்களுக்கு சேச்சி" என்று சொல்லிச் சிரிச்சாங்க. அவுங்க ஊர் மன்றோத் தீவு. யோகா ஆசிரியைப் பயிற்சி முடிச்சு, வீட்டையே தங்கும் இடமா மாத்தி, வெளியூர்க்காரங்களுக்கு முகாம் நடத்துறாங்க. "வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, பெரிய கம்பெனியில வேலை பாக்குறவங்க வர்றாங்க. உடம்பை வளைச்சு வேலை செய்யிற பொம்பளைங்க யாரும் வந்ததில்லை" என்று சொன்னாங்க. அந்த வார்த்தை மனசில் தைச்சது.

அடுத்தது பணம். ஊரில் "கடன் வாங்கி ஊர் சுத்தப் போறாளுக" என்று ஒரு பேச்சு எழும்பிச்சு. அதனால் கணக்கைப் பொதுவில் சொல்லிடறேன். குழுச் சேமிப்பிலோ, வங்கிக் கடனிலோ, சுழல் நிதியிலோ ஒரு ரூபாய் தொடலை. தனி நோட்டுப் போட்டு ஆளுக்கு மாசம் 75 ரூபாய், ரெண்டு வருசம் கட்டினோம். ஆளுக்கு 1,800 ரூபாய். 22 பேருக்கு 39,600 ரூபாய். ரயில், தங்கல், சாப்பாடு, வள்ளம், ஆசிரியைக்குச் சம்பளம் எல்லாம் அதுக்குள்ள முடிஞ்சது. குடும்பஸ்ரீ அக்கா நமக்காகக் குறைச்சு வாங்கினாங்க. தீர்மான நோட்டில் எழுதி 22 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். யாரும் பார்க்கலாம்.

பணத்தை விடக் கஷ்டம் வீட்டில் கேட்கிறது. கல்யாணத்துக்கு, துஷ்டிக்கு, கோயில் கொடைக்கு என்று சொன்னால் அனுப்புவாங்க. சும்மா நமக்காக மூணு நாள் என்று சொன்னால் காரணம் கேப்பாங்க. ஒருத்தி வீட்டில், "யோகாவுக்குத் தீவுக்கு எதுக்குப் போணும், இங்கனயே செய்யி" என்றாங்க. என் மாமியார்தான் எனக்குத் துணை. அவுங்க அறுபது வயசு வரைக்கும் பீடி சுத்தினவுங்க. "நான் இப்ப நிமிந்து நிக்க முடியாம நிக்கேன். நீயாவது போயிட்டு வா. புள்ளைகளை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி அனுப்பினாங்க. அவுங்க சொன்ன பிறகு என் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை. மாமியார்மார் யாராவது இங்கே இருந்தால் கேட்டுக்கோங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னால் வாசல் திறந்துடும்.

தை மாசம், பொங்கல் கழிஞ்ச வாரம், செங்கோட்டையில் ரயில் ஏறினோம். 1904இல் போட்ட பாதை அது. அகலப் பாதையா மாத்தி 2018இல் திறந்தாங்க. மலையைக் குடைஞ்சு, பதிமூணு கண் பாலம் வழியா, பச்சைக் காட்டுக்குள்ள ரயில் போகுது. எங்களில் ஆறு பேர் அன்னைக்குத்தான் முதல் தடவையா ரயில் ஏறினாங்க. கொல்லம் போய் வேற ரயில் மாறி, மன்றோத்துருத்து என்கிற சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். துருத்து என்றால் மலையாளத்தில் தீவு. 200 வருசத்துக்கு முந்தி திருவிதாங்கூரில் திவானா இருந்த கர்னல் மன்றோ என்கிற வெள்ளைக்காரர் பேரை அந்த இடத்துக்கு வச்சிருக்காங்க.

கல்லடை ஆறு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, தென்மலை, புனலூர் வழியா ஓடி அஷ்டமுடிக் காயலில் விழுகிற இடத்தில் இந்தத் தீவு இருக்கு. ஒரே தீவு இல்லை, சின்னச் சின்னத் தீவுகள் சேர்ந்தது. ஆறு கொண்டு வந்த வண்டல் சேர்ந்து உண்டான மண். தெரு இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் இருக்கு. வீட்டு வாசலில் சைக்கிள் நிக்கிற மாதிரி வள்ளம் கட்டிக் கிடக்கு. ரெண்டு பக்கமும் தென்னை, அலையாத்திச் செடி, மீன்கொத்தி. நம்ம ஊர் வெயிலில் இருந்து போன கண்ணுக்கு அந்தப் பச்சையே மருந்து மாதிரி இருந்தது. கொசுவும் உண்டு, வேர்வையும் உண்டு, அதையும் சொல்லணும்.

சேச்சி முதலில் ஒரு கூடையைக் கொண்டு வந்து வச்சு எல்லார் போனையும் வாங்கிட்டாங்க. சாயந்திரம் ஒரு மணி நேரம் மட்டும் கையில் கொடுப்பாங்க. முதல் நாள் சாயந்திரம் வந்த போனில் பாதி, ரேஷன் கார்டு எங்கே, இட்லி மாவு எந்தப் பாத்திரத்தில் என்றுதான். ரெண்டாம் நாள் போன் குறைஞ்சது. மூணாம் நாள் ஒருத்தி, "என்னைத் தேடவே இல்லையே" என்று வருத்தப்பட்டாள். நாம இல்லாமலும் வீடு மூணு நாள் ஓடும் என்று தெரிஞ்சுக்கிட்டதே ஒரு படிப்பு.

காலை அஞ்சரைக்கு எந்திரிச்சு, வெறும் வயித்தில், தென்னைக்குக் கீழே பாய் விரிச்சுப் பயிற்சி. சேலையோடு எப்படிச் செய்யிறது என்று பெரியவுங்க தயங்கினாங்க. நைட்டிக்கு உள்ளே சுடிதார் பேன்ட் போட்டால் போதும் என்று முடிவாச்சு. அதிலும் கூச்சப்பட்ட ரெண்டு பேர் நாற்காலியில் உக்காந்து செஞ்சாங்க. மந்திரம் சொல்லணுமா என்று எங்க குழுவில் ஒரு முஸ்லிம் தங்கச்சியும் ஒரு கிறிஸ்தவ அக்காவும் கேட்டாங்க. "வேண்டியவங்க மனசுக்குள்ள அவங்கவங்க சாமியை நினைங்க, வேண்டாதவங்க மூச்சை எண்ணுங்க" என்று சேச்சி சொல்லிட்டாங்க. வஜ்ராசனத்தில் எங்க கால் எல்லாம் மரத்துப் போச்சு. அந்தத் தங்கச்சி மட்டும் ஆடாம உக்காந்திருந்தா. தொழுகையில் உக்காந்த பழக்கம்.

சேச்சி பெரிய வித்தை எதுவும் சொல்லிக் கொடுக்கலை. தலைகீழா நிக்கச் சொல்லலை. "நீங்க நாள் முழுக்க எந்தப் பக்கம் வளையிறீங்களோ, அதுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் வளையணும்" என்றாங்க. நின்னுக்கிட்டு கையை மேலே தூக்கி நீட்டுகிற தாடாசனம், பூனை மாதிரி முதுகை மேலயும் கீழயும் வளைக்கிறது, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குகிற புஜங்காசனம், மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம், கடைசியில் சவாசனம். இது போக மெதுவா மூச்சு இழுத்து, அதை விட மெதுவா விடுறது. அவ்வளவுதான்.

எதைச் செய்யக் கூடாது என்பதையும் தெளிவாச் சொன்னாங்க. ரத்தக்கொதிப்பு உள்ளவுங்க தலையைக் கீழே தொங்கப் போடவோ மூச்சை அடக்கவோ கூடாது. சக்கரைக்கு மாத்திரை போடுறவுங்க, ஊசி போடுறவுங்க டாக்டரைக் கேட்டுத்தான் வெறும் வயித்தில் செய்யணும், கையில் மிட்டாய் வச்சுக்கணும். ஆபரேஷன் ஆனவுங்க, குடலிறக்கம் உள்ளவுங்க, கர்ப்பமா இருக்கிறவுங்க டாக்டரைக் கேக்காமச் செய்யக் கூடாது. வலிச்சால் நிறுத்தணும். யாரையும் பார்த்துப் போட்டி போடக் கூடாது.

முதல் நாள் சவாசனத்தில் எங்களில் பாதிப் பேர் தூங்கிட்டோம். நாலு பேர் அழுதாங்க. ஏன் என்று அவுங்களுக்கே தெரியலை. சேச்சி ஒண்ணும் கேக்கலை. "அழட்டும், விடுங்க" என்றாங்க.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். ரெண்டாம் நாள் ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டு, வாய்க்கால் ஓரம் உக்காந்திருந்தோம். ஆம்பளை யாரும் கிடையாது. சின்னப் பிள்ளையும் கிடையாது. சேச்சி மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க. "இருமுறப்போ, தும்முறப்போ, சிரிக்கிறப்போ யாருக்காவது மூத்திரம் கசியுதா?" யாரும் வாயைத் திறக்கலை. அப்புறம் ஒரு கை எழும்பிச்சு. அப்புறம் இன்னொண்ணு. கடைசியில் 22 பேரில் 9 பேர் கை தூக்கினோம். அதில் நானும் ஒருத்தி. எத்தனை வருசமா ஒரே பாயில் உக்காந்து சந்தா கட்டுறோம், ஒருத்திக்கு ஒருத்தி இதைச் சொன்னதில்லை.

அப்போ ஒரு அக்கா, "எனக்குக் கீழே ஏதோ இறங்கி நிக்கி" என்று சொன்னாங்க. ஆறு வருசமா இருக்காம். துணியை வச்சுக் கட்டிக்கிட்டுக் காட்டு வேலைக்குப் போயிருக்காங்க. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலை, மககிட்டச் சொல்லலை. அவுங்க பேரை நான் சொல்ல மாட்டேன். "மத்தவளுக்கு உதவும்னா இந்த அளவு சொல்லு" என்று அனுமதி கொடுத்ததால் சொல்றேன்.

சேச்சி அந்த இடத்தில் யோகா பேசலை. "இது கர்ப்பப்பை இறக்கம். டாக்டர் பார்க்கணும். ஆசனத்தால சரியாக்கிடலாம்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க" என்று நேரா சொன்னாங்க. பிரசவத்துக்கு அப்புறம் ஓய்வில்லாம பளு தூக்கினாலும், நாள்பட்ட இருமல் இருந்தாலும், மலச்சிக்கலில் முக்கினாலும் இது வரும், கூடும். ஆரம்ப நிலையில் இடுப்புத் தளத் தசைக்கான பயிற்சி உதவும். இறக்கம் அதிகமானால் உள்ளே வைக்கிற வளையம் இருக்கு, ஆபரேஷன் இருக்கு. வெக்கப்படுற நோய் இல்லை, வைத்தியம் உள்ள நோய் என்று விளக்கினாங்க.

கசிவு உள்ளவுங்களுக்கு அந்தப் பயிற்சியையும் சொல்லிக் கொடுத்தாங்க. மூத்திரத்தை அடக்குறப்போ எந்தத் தசையை இறுக்குவோமோ, அதை மேல இழுத்து அஞ்சு எண்ணணும், மெதுவா விடணும். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. மூத்திரம் போறப்போ நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது. பீடி சுத்திக்கிட்டே செய்யலாம், பக்கத்தில் இருக்கிறவுங்களுக்குக் கூடத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனவுங்களுக்குச் சொல்லித் தருகிற பயிற்சிதான் இது.

மூணாம் நாள் வள்ளத்தில் போய்த் தீவுப் பொம்பளைகளைப் பார்த்தோம். கதம்பையைத் தண்ணியில் ஊறப் போட்டு, அடிச்சு, கயிறு திரிக்கிறாங்க. அவுங்களுக்கும் இடுப்பு வலி, தோள் வலி. அதுக்கு மேல வீட்டுக் கவலை. கடல் ஏறுறப்போ உப்புத் தண்ணி வீட்டுக்குள்ள வருது. வேலியேற்றம் என்று சொல்றாங்க. தென்மலையில் அணை கட்டினதால் ஆறு முந்தி மாதிரி வண்டல் கொண்டு வர்றதில்லை, 2004 சுனாமிக்குப் பிறகு தண்ணி கூடுதலா ஏறுது என்று அங்கே உள்ளவுங்க சொல்றாங்க. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புக் கறையைப் பார்த்தோம். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவுங்களும் உண்டு. அழகான இடம் என்று பார்க்கப் போன நமக்கு, அங்கே வாழுறவுங்க பாடு தெரிஞ்சது. "எங்க மண்ணு கொஞ்சம் கொஞ்சமா இறங்கினப்போ ரொம்ப நாள் யாரும் பேசலை. இறங்குறது எதுவானாலும் அன்னைக்கே சொல்லிடணும்" என்று சேச்சி சொன்னாங்க. எல்லாரும் அந்த அக்காவைத்தான் பார்த்தோம்.

ஊருக்கு வந்த அடுத்த வாரம் அந்த அக்காவை நாங்க மூணு பேர் கட்டணமில்லா பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பெண் டாக்டர் பார்த்தாங்க. ஆபரேஷன் நடந்து, மூணு மாசம் பளு தூக்கக் கூடாது என்று சொல்லிட்டாங்க. அந்த மூணு மாசமும் குழுவில் முறை வச்சு ஆளுக்கு ஒரு நாள் தண்ணி எடுத்துக் கொடுத்தோம். இப்போ நல்லா இருக்காங்க. மத்த எட்டுப் பேரும் நானும் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துப் பேசிட்டோம்.

பயிற்சியையும் விடலை. காலையில் தண்ணி வரும், பிள்ளைகளை அனுப்பணும், அதனால் முடியாது. மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்குள்ள முடிச்சு, மூன்றரைக்குச் சங்கக் கட்டடத்தில் கூடுறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள அரை மணி நேரம். கதவைச் சாத்திடுவோம். தீவில் சுத்தித் தண்ணி இருந்தது, இங்கே ஒரு கதவு இருக்கு. 22 பேரும் தினம் வர்றோம் என்று சொன்னால் பொய். பத்துப் பன்னிரண்டு பேர் வர்றோம். அறுப்புக் காலத்தில் நாலு பேர்தான். இருந்தாலும் ஆறு மாசமா நிக்கலை. வலி போயே போச்சு என்றும் சொல்ல மாட்டேன். சாயந்திரம் கழுத்தில் கை வச்சுக்கிட்டே நிக்கிறது குறைஞ்சிருக்கு. வலி மாத்திரை வாங்குறது குறைஞ்சிருக்கு.

இப்போ கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, ஒவ்வொரு ஊரிலும் குழுக் கட்டடத்தை மதியம் அரை மணி நேரம் பொம்பளைகளுக்கு மட்டும் ஒதுக்கித் தரணும். ரெண்டு, ஊருக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து முறையா பயிற்சி கொடுக்கணும். அரைகுறையாத் தெரிஞ்சவுங்க சொல்லிக் கொடுத்து இடுப்பைப் பிடிச்சுக்கிடக் கூடாது. மூணு, வருசத்தில் ஒரு நாளாவது பெண் டாக்டரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுற முகாம் ஒண்ணு வைக்கணும். அந்த ஆறு வருசத்தை இன்னொரு அக்கா சுமக்கக் கூடாது.

எல்லாரும் தீவுக்குப் போணும் என்று நான் சொல்லலை. போக முடிஞ்சால் போங்க, 75 ரூபாயில் தொடங்கலாம். நம்ம குழுவில் சந்தாவுக்குப் பக்கம் இருக்கு, உள்கடனுக்குப் பக்கம் இருக்கு, வட்டிக்கு, அபராதத்துக்குப் பக்கம் இருக்கு. அந்தக் கடனை எல்லாம் உழைச்சுக் கட்டுகிற உடம்புக்கு மட்டும் ஒரு பக்கம் இல்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டைத் திறக்கிறப்போ அந்தப் பக்கத்தை எழுதுங்க. முதல் வரியில் உங்க வலியை எழுதுங்க.